கம்பத்தைச் சுற்றி மிதித்த பனி

கமினிரே மலைக் குடியிருப்பில் மொத்தம் பத்தொன்பது வீடுகள். அத்தனை வீட்டுக் கூரைகளின் தலையெழுத்தும் மிசாவோவின் கொல்லையில் நட்டிருந்த ஒற்றைக் கம்பத்தில் இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, சென்டிமீட்டர் கோடு போட்ட மூன்றரை மீட்டர்க் கம்பம். தினமும் காலை ஏழு மணிக்கு அதைப் பார்த்து, பனி எத்தனை என்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். இருநூற்று இருபதைத் தொட்டால் கூரைப்பனி தள்ளும் ஆட்கள் வண்டியில் வருவார்கள். ஏறித் தள்ள ஆள் இல்லாத வீடுகளை முதலில் பார்ப்பார்கள். இருநூற்றுப் பத்தொன்பது என்றால் வரமாட்டார்கள். அலுவலகத்து விதி அப்படி, அதை எழுதினவர்கள் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கியவர்களா என்பது வேறு விஷயம்.

இருபத்திரண்டு குளிர்காலமாக மிசாவோ ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். கம்பத்தைச் சுற்றி ஆறடிக்குள் கால் வைக்க மாட்டாள். எட்ட நின்று, குனிந்து, பனியின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து படிப்பாள். கால் பட்டால் பனி அமுங்கும், அமுங்கினால் கணக்குப் பொய்யாகும்.

ஜனவரியில் பெருங்குளிர் தொடங்கி மூன்றாம் நாள், புதன்கிழமை, அவள் போனில் இருநூற்று நாலு என்றாள். மறுமுனையில் இருந்தது ஒகிதா, அலுவலகத்தில் பனிக்கணக்கு எழுதும் இளைஞன்.

“நேத்து இருநூத்தி ஒண்ணு சொன்னீங்களேம்மா. ராத்திரி உங்க பக்கம் செமத்தியா கொட்டியிருக்கணுமே.”

“கொட்டுச்சு தம்பி. முப்பது இருக்கும்.”

“முப்பது கொட்டி மூணு ஏறுச்சா?”

“பழைய பனி தன் பாரத்துல அமுங்கும்ல.”

“அமுங்கும், இல்லேங்கல. ஆனா உங்களுக்குக் கீழ இருக்கிற ஷிமோநிரேல இருநூத்தி இருபத்தெட்டு. அங்க நேத்தே ஆளு போயாச்சு. மேல இருக்கிற உங்களுக்குக் கம்மியா விழுமா?” அவன் தயங்கினான். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கண்ணாடி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?”

மிசாவோ போனை வைத்தாள். கன்னத்தில் யாரோ சுண்டிவிட்டது போல் இருந்தது. கண்ணாடி மாற்றி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

உள்ளே ஷோசோ, அவள் கணவர், அடியில் கணப்பு வைத்த மேஜைக்குள் காலை நீட்டி, அதன்மேல் போட்ட பஞ்சுப் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு கிடந்தார். ஜனவரி முதல் தேதி, வருஷப் பிறப்பன்று, வாசல் பனியை அள்ளும்போது இடுப்புப் பிடித்தது, அன்றிலிருந்து கழிவறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அறுபத்தெட்டு வயது. வாய் மட்டும் பிடிக்கவில்லை.

“என்ன சொல்றான் உன் பையன்?”

“கண்ணு தெரியலையாம் எனக்கு.”

“சோத்துல மட்டும் கல்லு தெரியுதே.”

அவள் சமையலறைக் கதவை நகர்த்தினாள். பாதியில் நின்றது. தோளைக் கொடுத்து நெம்பியும் அசையவில்லை. கூரையில் பாரம் ஏறினால் உத்தரம் வளையும், உத்தரம் வளைந்தால் கதவு சிக்கும். இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. கதவு சிக்குகிறதென்றால் இரண்டே கால் மீட்டருக்குக் குறையாமல் பனி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கதவு ஒன்று சொல்கிறது, கம்பம் ஒன்று சொல்கிறது.

“பதினாறு சென்டிமீட்டர்தானே,” என்றார் ஷோசோ. “கூடச் சேத்துச் சொல்லிட்டுப் போயேன். கம்பம் என்ன கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லவா போகுது?”

“ஒரு தடவை கூட்டிச் சொன்னா, அப்புறம் நான் சொல்ற எதை நம்புவாங்க?”

“இப்ப மட்டும் நம்புறாங்களாக்கும்.”

சுருக்கென்றது அவளுக்கு. அரிசியைக் களையத் தொடங்கினாள். ஷோசோவும் ஏனோ அதற்குமேல் சீண்டவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக உறைபனி பூத்திருந்தது, இறகு இறகாக, இலை இலையாக. அவர் தலை வைத்திருந்த உயரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் உருகித் தெளிந்திருந்தது.

அவர்கள் வீட்டுக் கூரையாவது போன மாதம் ஒருமுறை தள்ளிய கூரை. மிசாவோ தினமும் அண்ணாந்து பார்த்தது பக்கத்து வீட்டுக் கூரையை. அங்கே தோகுஜி தனியாக இருந்தார், தச்சர், ஷோசோவுக்கு ஒரு வயது மூத்தவர். மனைவி இகுயோ அக்டோபரில் போய்ச் சேர்ந்தாள். இந்தக் குளிர்காலம் அவர் கூரையில் யாரும் கால் வைக்கவில்லை. ஓரத்தில் பனி அலைபோலச் சுருண்டு வெளியே தொங்கியது. அதன் அடியில் விழுதுவிட்ட பனிக்குச்சிகள் ஆள் உயரத்துக்கு இறங்கி, சுவர்ப் பக்கமாக வளைந்திருந்தன. அவை நேராகத் தொங்காமல் உள்நோக்கி வளைந்தால் மேலே பனி நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆட்கள் வராவிட்டால் தோகுஜி தானே ஏறிவிடுவார். யாரையும் கூப்பிடவும் மாட்டார். டிசம்பரில் ஷிமோநிரேயில் ஒருவர் அப்படித்தான் தனியாக ஏறினார். பனியோடு சறுக்கி விழுந்து, புதைந்து, மாலையில் பனி தள்ளும் துடுப்புதான் முதலில் கிடைத்தது.

போய், ஏறாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம்தான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆயிற்று.

காரணம் ஷோசோ. மிசாவோவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. பனியைத் தள்ளிவிட ஊருக்குப் பொதுவாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மேல் வீடுகளுக்கு ஒரு நேரம், கீழ் வீடுகளுக்கு ஒரு நேரம் என்று முறை வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு பிப்ரவரி மாலை, ஷோசோ அடுத்தவன் நேரத்தில் நாலு சறுக்குவண்டிப் பனியைக் கவிழ்த்தார். வாய்க்கால் அடைத்தது. தண்ணீர் எதிர்த்து ஏறி தோகுஜி வீட்டுக்குள் புகுந்தது. காலொடிந்து படுத்திருந்த இகுயோவின் பாய் மெத்தையெல்லாம் ஊறிப்போயிற்று. மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இவர் ஊர்க் கூட்டத்தில், “அவன் வீட்டு மதகு அடைச்சிருந்துச்சு, அதுக்கு நான் என்ன பண்றது?” என்றார். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அன்று முகத்தைத் திருப்பியவர்கள்தான்.

இகுயோ செத்த பிறகு மிசாவோவுக்கு மனசு கேட்கவில்லை. முதியோர் பகல் இல்லத்தின் சமையலறையில் மதியம் தொடங்கி இருட்டும்வரை அவளுக்கு வேலை. திரும்பி வரும்போது சேப்பங்கிழங்குக் குழம்போ முள்ளங்கி ஊறுகாயோ ஒரு டப்பாவில் போட்டு, தோகுஜி வீட்டுப் பின்கதவு ஆணியில் மாட்டிவிட்டு வருவாள். மறுநாள் காலை டப்பா கழுவித் துடைத்து அதே ஆணியில் தொங்கும். ஒரு வார்த்தை கிடையாது. ஷோசோவிடமும் அவள் சொல்லவில்லை.

வியாழன் இருநூற்று ஆறு. வெள்ளி இருநூற்று ஒன்பது. இரண்டு இரவும் பனி நிற்காமல் கொட்டியது. வாசலில் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் காலையில் பார்த்தால் முழங்கை ஆழத்துக்கு இருந்தது. கம்பத்தைச் சுற்றி மட்டும் தட்டுப் போல லேசான பள்ளம். காற்று சுழற்றியிருக்கும் என்று நினைத்தாள். பிறகு அதையும் நம்ப முடியவில்லை. கல்சுவர் முழுசாக மூழ்கியிருந்தது. சீமைப்பனிச்சை மரத்தின் கவட்டையையும் காணோம். அவளுக்குத் தெரிந்த அடையாளம் எல்லாம் இருநூற்று முப்பது என்றன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இருநூற்று ஒன்பதுதான்.

வெள்ளிக்கிழமை ஒகிதா கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. “சரிம்மா,” என்று மட்டும் சொன்னான். அந்தக் கரிசனம்தான் அவளை அதிகமாகக் கொன்றது. அறுபத்து நாலு வயதில் கண் போகிறதா, புத்தி போகிறதா? பகல் இல்லத்தில் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அவள் தினமும் கஞ்சி கரைத்துக் கொடுக்கிறாள். அன்று வேலைக்குப் போகிற வழியில், தோகுஜி வீட்டுச் சுவரில் ஏணி சாத்தியிருப்பதைப் பார்த்தாள். ஏணிக்கால் இன்னும் கட்டவில்லை. அகலத் துடுப்பும் கயிறும் பக்கத்தில் தயாராக இருந்தன.

சனிக்கிழமை பனிச்சரிவு எச்சரிக்கை வந்து பேருந்து ஓடவில்லை. மிசாவோ வீட்டிலேயே இருந்தாள். மூன்று மணி இருக்கும். சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் தற்செயலாகக் கொல்லையைப் பார்த்தாள்.

தோகுஜி வந்துகொண்டிருந்தார். கொடி வளைத்துக் கட்டிய பனிமிதியடி காலில், தலையில் துண்டு. அவர் கொல்லையிலிருந்து நேராக இவர்கள் பின்கதவுக்கு வந்தார். அங்கிருந்து கம்பம்வரை ஒவ்வொரு அடியாக மிதித்து, அமுக்கி, மறுபடி மிதித்துப் பாதை போட்டார். கம்பத்தை அடைந்ததும் நிற்கவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்து மிதித்தார். தரைக்குப் பலகை இழைக்கிற தச்சன் மாதிரி குனிந்து மட்டம் பார்த்து, மேடாக இருந்த இடத்தை இன்னொரு மிதி மிதித்தார். பிறகு, வந்த தடத்திலேயே திரும்பிப் போய்விட்டார். இரவு விழும் பனி மிச்சத்தை மூடிவிடும்.

மிசாவோ கத்தியைக் கீழே வைத்தாள். இடுப்பளவு பனியில் அவள் புதையக் கூடாதென்று ஒரு மனிதர் பாதை போட்டுக் கொடுக்கிறார். சொல்லாமல் செய்கிறார், இந்த ஊரில் அப்படித்தான் செய்ய வேண்டும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. தன் கூரைக்கு வரவேண்டிய ஆட்களைத் தன் காலாலேயே மிதித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

அவள் அவசரமாக உள்ளறைக்கு வந்தாள். ஷோசோ ஜன்னலின் உருகிய வட்டத்தில் நெற்றியை ஒட்டியபடி இருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“எத்தனை நாளா தெரியும்?”

“என்ன தெரியும்?”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. எத்தனை நாளா?”

ஷோசோ போர்வை ஓரத்தைச் சுருட்டினார். “திங்கக்கிழமையிலேருந்து.”

“திங்கக்கிழமையிலேருந்து. நான் கண்ணு போச்சுன்னு இங்க உக்காந்து அழறேன், நீங்க ஜன்னல்ல வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்க.”

“அதான் கூட்டிச் சொல்லுன்னு சொன்னேன்ல.”

“வாயைத் திறந்து நெசத்தைச் சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீ அவன்கிட்ட போய்ச் சொல்லுவ. ‘அண்ணே, மிதிக்காதீங்க’ன்னுவ. அவன் வெக்கப்பட்டுக்கிட்டு அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான்.” அவர் குரல் இறங்கியது. “பதினோரு வருஷம் மிசாவோ. நம்ம மண்ணுல அவன் காலு பட்டு. மூணு மணி எப்ப ஆகும்னு காலையிலேருந்து பாத்துட்டு இருப்பேன்.”

திட்டுவதற்கு அவள் நாக்கில் நிறைய இருந்தது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“நீ மட்டும் என்ன,” என்றார் அவர் சின்னப் பிள்ளை போல. “அக்டோபர்லேருந்து டப்பா டப்பாவா அனுப்புற. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நம்ம வீட்டு டப்பா அடுத்தவன் வீட்டுக்குப் போறது எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?”

“குழம்பு அளவு குறையுதுன்னு நானும் கேக்கலைல்ல?”

மிசாவோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. “ஏணியைச் சாத்திட்டாரு அவரு,” என்றாள். “இன்னைக்கு ஆளு வரலேன்னா நாளைக்கு விடிஞ்சதும் ஏறிடுவாரு. நீங்க ரெண்டு பேரும் வாயைத் தைச்சுக்கிட்டு இருங்க.”

மூங்கில் கழியையும் துணி அளக்கும் நாடாவையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யார் காலும் படாத இடமாகப் பார்த்து, மூன்று இடத்தில் தரை தட்டும்வரை கழியை இறக்கினாள். இருநூற்று முப்பத்தாறு, முப்பத்து நாலு, முப்பத்தேழு. தன் கண்ணில் கோளாறில்லை என்று தெரிந்ததும் பனியில் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

அலுவலகத்தில் பனிக்காலத்தில் சனி, ஞாயிறு கிடையாது. ஒகிதாவே எடுத்தான்.

“தம்பி, காலையில சொன்னது தப்பு. இருநூத்தி முப்பத்தஞ்சுன்னு எழுதிக்க. கம்பத்தைச் சுத்தி மிதிபட்டிருக்கு. செவ்வாய்க்கிழமையிலேருந்து சொன்ன எல்லாமே தப்பு.”

“மிதிபட்டுச்சா? யாரு மிதிச்சது?”

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தோகுஜியின் பெயரைச் சொன்னால் அது தாளில் ஏறும். கூட்டத்தில் வாசிப்பார்கள். தோகுஜியால் பத்தொன்பது கூரைக்கும் ஆள் வராமல் நின்றது என்று ஊர் சொல்லும். மனைவியை இழந்த துக்கத்தோடு, யாருக்கோ ஒரு நல்லது செய்யப் போய், அந்த மனிதர் இதையும் சுமக்க வேண்டுமா?

“நான்தான்,” என்றாள் மிசாவோ. “புதையுதேன்னு பாதை போட்டேன். கவனமில்லாம கம்பம் வரைக்கும் மிதிச்சுட்டேன்.”

“நீங்களா? ஆறடி தள்ளி நிக்கணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தவங்க நீங்கம்மா.”

“ஆனைக்கும் அடி சறுக்கும்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. “காரணம் எழுதணும்மா. பாக்கிறவரோட கவனக்குறைவுன்னு எழுதினா, வசந்தத்துல கம்பத்தை வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லுவாங்க.”

“எழுது. ஆளு எப்ப வரும்?”

“இப்பவே அனுப்புறேன். இருட்டுறதுக்குள்ள ரெண்டு வீடாவது ஆகும்.”

“எங்க பக்கத்து வீட்டை முதல்ல பாக்கச் சொல்லு. எங்க கூரை தாங்கும்.”

போனை வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் போனில் அவள் சொன்ன முதல் பொய் அது. அதற்காக வருத்தப்படவில்லை, ஆனால் கம்பம் போவது வலித்தது. அந்த வலியை மறைக்கவும் தோன்றாமல் ஷோசோ முன்னாலேயே அழுதாள். ஷோசோ போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் புறங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டியது அதுதான்.

நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள், ஆறு பேர். தோகுஜி கூரையில் ஏறி வெட்டித் தள்ளினார்கள். ஒவ்வொரு பாளமும் விழும்போது இந்த வீட்டுக் கண்ணாடி அதிர்ந்தது. இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் முன்கதவு தட்டப்பட்டது. பின்கதவு அல்ல, முன்கதவு.

தோகுஜி நுழைவாயில் மண்தரையில் நின்றார். தலைத் துண்டைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

“ஆளுங்க சொன்னாங்க,” என்றார். “நீ மிதிச்சியாம்.”

“ஆமாண்ணே.”

“இருபத்திரண்டு வருஷமா என் வீட்டு ஜன்னல்லேருந்து பாத்துட்டு இருக்கேன் தங்கச்சி. நீ ஒரு நாளும் கம்பத்துகிட்ட போனதில்லை. பனி ஆழமா இருக்கு, பயந்துக்கிட்டு எட்ட நிக்கிறியோன்னு நினைச்சேன். அதுக்குத்தான் கம்பம் வரைக்கும் போட்டேன்.” அவர் கதவுப் பக்கம் திரும்பினார். “ஆபீசுக்குப் போய் நெசத்தைச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“போனீங்கன்னா கவனக்குறைவோட பொய்க்காரிங்கிற பட்டமும் எனக்கு வரும். ஒண்ணு போதும்ணே.”

தோகுஜி கதவில் வைத்த கையை எடுத்தார். அப்போது உள்ளேயிருந்து சரசரவென்று சத்தம் கேட்டது. ஷோசோ பாயில் கையூன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது. நுழைவாயில் படியின் விளிம்புக்கு வந்து, நிமிர முடியாமல் அப்படியே குனிந்திருந்தார்.

“மதகு அடைக்கலடா,” என்றார். “உன் நேரம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கவுத்தேன். குளிரு தாங்கல, சீக்கிரம் முடிச்சுட்டு உள்ள போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

தோகுஜி குனிந்து அவர் பிடரியைப் பார்த்தார்.

“இகுயோ அன்னைக்கே சொன்னா,” என்றார். “பாயெல்லாம் நனைஞ்சு கிடக்கு, அவளை நாற்காலியில உக்கார வச்சிருக்கேன். ‘காலையில ஷோசோ வருவாரு, நீங்க சத்தம் போடாதீங்க, டீ போட்டுக் குடுங்க’ன்னா. விடியறதுக்கு முன்னாடியே தண்ணி கொதிக்க வச்சோம். மத்தியானம் வரைக்கும் அடுப்பை அணைக்க விடலை அவ.”

ஷோசோவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மிசாவோ நாற்பது வருஷத்தில் அவரிடம் கேட்டிராத சத்தம். அவர் நெற்றி படியின் பலகையைத் தொட்டது.

“ஏந்திரிடா,” என்றார் தோகுஜி. “இடுப்பு போயிடும்.”

அவர் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். வலது கால் வந்துவிட்டது. இடது காலில் பனி இறுகிப் பிடித்திருந்தது, இழுத்தும் வரவில்லை. ஷோசோ படுத்தபடியே இரண்டு கையையும் நீட்டி, குதிகாலைப் பிடித்து இழுத்தார்.